எல்லைக்கு வெளியே ஒரு மலை

நகரங்களைப் பாடுவதிலே நம் புலவர்களுக்கு அலுப்பு வந்ததேயில்லை. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையிலே புலிப்பொறி இட்டுக் குவித்த பொதிகளைப் பட்டினப்பாலை காட்டும். கூடல் நகரத்து நாளங்காடியின் இரைச்சலையும் அல்லங்காடியின் இரைச்சலையும் மதுரைக்காஞ்சி நம் செவியிலே விழச் செய்யும். ஆனால் அத்தனை ஆயிரம் மக்கள் உண்டு, உடுத்து, குளித்துக் கழித்தவை எங்கே போயின என்று கேட்டால் பெரும்பாலான பாட்டுகள் வாய் திறவா. வாய் திறந்தவர் சீத்தலைச் சாத்தனார். மணிமேகலையிலே வஞ்சி நகரத்தின் அகழியை வருணிக்கும்போது, வீடுகளிலிருந்து சுருங்கைத் தூம்புகள் வழியாக, அதாவது நிலத்தடியிலே மறைத்து அமைத்த நீர்க்கால்கள் வழியாக, கழிநீர் வந்து அகழியிலே கலப்பதை அவர் சொல்கிறார். புலவரல்லவா? பெண்கள் கூந்தல் கழுவிய நீர், சாந்து கரைந்த நீர் என்று அதனை மணக்க மணக்கச் சொல்கிறார். அந்த அகழியில் வாழும் உயிர்களின் புலால் நாற்றம்கூட நீங்கிவிட்டதாம்!

அந்தப் பகுதியைப் படிக்குந்தோறும் என் மனம் மணத்திலே நிற்பதில்லை. மதிலிலே போய் நிற்கிறது. நகரம் தன் கழிநீருக்குக் கண்ட வழி, அதனை மதிலுக்கு வெளியே விடுவதுதான். மதிலுக்கு வெளியே புறக்குடிகள் இருந்தன என்பதையும் அதே காதை சொல்கிறது. வளர்முக நாடுகளின் நகரங்கள் ஏன் சீர்ப்படுவதில்லை என்று இன்று பெரிய மாநாடுகளிலே பேசுகிறார்கள். பணமில்லை என்கிறார்கள், திட்டமில்லை என்கிறார்கள். எனக்கோ, அந்தச் சிக்கலின் பெரும்பகுதி அகழிக்கும் புறக்குடிக்கும் இடையிலே கிடப்பதாகத் தோன்றுகிறது. கொழும்பின் கதையைக் கொண்டு அதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

கொழும்புக்கும் மதில் இருந்தது. போர்த்துக்கேயர் எழுப்பி ஒல்லாந்தர் மாற்றிக் கட்டிய கோட்டை அது. 1869 தொடங்கிப் பிரித்தானியர் அந்த மதில்களை இடித்துத் தள்ளினர். ஆனால் கல் மதில் விழுவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே கண்ணுக்குத் தெரியாத வேறொரு மதில் கட்டப்பட்டுவிட்டது. 1865 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் இலங்கையிலே மாநகர சபைகளை உண்டாக்கியது. கொழும்பு மாநகர சபை 1866 ஜனவரியிலே முதன்முறையாகக் கூடியது. தலைமை தாங்கியவர் மேல் மாகாண அரசாங்க அதிபராக இருந்த சார்ள்ஸ் பீற்றர் லேயார்ட். வரைபடத்திலே ஒரு கோடு. கோட்டுக்கு உள்ளே தெருவும் விளக்கும் வடிகானும் சந்தையும் சபையின் பொறுப்பு. சோலைவரி கட்டுவோரின் காசு கோட்டுக்கு உள்ளேயே செலவாக வேண்டும். கோட்டுக்கு அப்பால் இருப்பது சபைக்கு அந்நிய நாடு.

அப்போது அது சிறிய ஊர். காலியிலே தங்கிய கப்பல்கள் கொழும்புக்கு வரத் தொடங்கியதும் எல்லாம் மாறிற்று. 1875 இலே அலைதாங்கிக்கு அடிக்கல் நாட்டியவர் அப்போதைய வேல்ஸ் இளவரசர். பத்தாண்டுகளிலே தென்மேற்கு அலைதாங்கி முடிந்தது. கோப்பியும் பின்னர் தேயிலையும் இறங்கிய வழியிலே மனிதரும் இறங்கினர். 1871 இலே ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்த சனத்தொகை, 1921 இலே இரண்டரை லட்சத்தை நெருங்கிவிட்டது. கிணற்று நீர் போதவில்லை. ஏறத்தாழ 40 கிலோமீற்றருக்கு அப்பால், லபுகமக் காட்டிலே அணை கட்டி, 1880 களிலே குழாய் வழியாக நீரைக் கொண்டுவந்தார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நல்ல நீர் வேண்டியிருந்தபோது மாநகரத்தின் எல்லைக்கோடு எவருக்கும் தடையாக இருக்கவில்லை. காட்டைக் காவற்காடாக்கி, ஊர்களைக் கடந்து, குழாய் வந்தது. அந்த நீரைக் குடித்துக் கழித்த பின்னர்தான் கோடு நினைவுக்கு வந்தது. 1906 இலே தொடங்கிக் கட்டப்பட்ட கழிவுநீர்க் குழாய்களின் தொகுதி, இன்றும் பெருமளவுக்கு அந்தப் பழைய உடம்போடுதான் நகரத்தின் கீழே படுத்திருக்கிறது. முகத்துவாரத்திலும் வெள்ளவத்தையிலும் கடலுக்குள் நீண்ட குழாய்கள் அதன் வாய்கள். கடலுக்கு நகரசபை கிடையாது. அதனாலே அது முறையிடுவதுமில்லை.

குப்பையைத் தூக்கியவர்களின் கதை வேறு. கொழும்பின் தெருக்களைக் கூட்டவும், வாளிக் கக்கூசுகளைச் சுமக்கவும் பிரித்தானியர் தென்னிந்தியாவிலிருந்து தமிழ்த் தொழிலாளரைக் கொண்டுவந்தனர். கண்டியிலே மகியாவையிலும் அப்படியே. தேயிலைத் தோட்டத்து மக்களைப் பற்றி நாம் கொஞ்சமாவது எழுதியிருக்கிறோம். அதே கப்பலிலே வந்து, துடைப்பத்தைக் கையிலேந்தி நகரத்திலே தங்கிவிட்ட இவர்களைப் பற்றி நம் எழுத்து மிகக் குறைவாகவே பேசியிருக்கிறது. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தின்பின் இவர்களிற் பலர் நாடற்றவராயினர். எஞ்சியிருந்த இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இலேதான் வந்தது. நாள்தோறும் விடியற்காலையிலே நகரத்தைத் துப்புரவாக்கியவர்கள், அந்த நகரத்தை யார் ஆள்வது என்பதிலே பேச்சற்றவர்களாக அரை நூற்றாண்டு இருந்திருக்கிறார்கள். ஆகவே எல்லைக்கோட்டுக்கு உள்ளேயும் ஒரு புறக்குடி இருந்தது.

1914 இலே கொழும்பிலே பிளேக் நோய் தலைகாட்டியது. அடுத்த ஆண்டே வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச்சட்டம் வந்துவிட்டது. தெருவின் அகலம் என்ன, வீட்டுக்குப் பின்னால் எவ்வளவு வெளி விடவேண்டும் என்றெல்லாம் அது விதித்தது. நோய் வந்தால் சட்டம் வரும். இது நம் நகர வரலாற்றிலே திரும்பத் திரும்ப நடப்பது. 1921 இலே பற்றிக் கெடிஸ் என்ற ஸ்கொட்லாந்துப் பேரறிஞர் கொழும்பு பற்றி ஓர் அறிக்கை எழுதினார். அடிப்படையிலே அவர் உயிரியலாளர். சென்னை மாகாணத்து ஊர்களையும் இந்தூரையும் கால்நடையாகச் சுற்றிப் பார்த்து எழுதியவர். பழைய தெருக்களை இடித்து நேர்கோடு போடுவது அவருக்குப் பிடிக்காது. வைத்தியர் நோயாளியின் நாடியைப் பார்ப்பதுபோல முதலில் ஊரைப் பார். வெட்டித்தான் ஆகவேண்டுமென்றால் ஆகக் குறைவாக வெட்டு என்பது அவருடைய கொள்கை. கீழைத்தேயத்தின் பூங்கா நகரம் என்ற பெயர் கொழும்புக்கு ஒட்டிக்கொண்டதிலே அவருடைய திட்டத்துக்கும் பங்குண்டு.

அவருக்குப் பின்னும் திட்டங்களுக்குப் பஞ்சமிருக்கவில்லை. 1940 களின் இறுதியிலே, இலண்டன் நகரத்துக்குத் திட்டம் வரைந்த பற்றிக் ஏபர்குறொம்பி கொழும்புப் பிரதேசத்துக்கும் ஒன்று வரைந்தார். 1970 களிலே ஐக்கிய நாடுகளின் உதவியோடு ஒரு பெருந்திட்டம். 1990 களின் கடைசியிலே இன்னொன்று. 2010 களிலே மேல் மாகாணம் முழுவதையும் ஒரே பெருநகராக்கும் திட்டம். இவற்றையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அதுவே ஒரு கோபுரமாகும். திட்டம் வரைந்தவர்களிற் சிலர் பெரும் மேதைகள் என்பதிலே எனக்கு ஐயமில்லை. ஆனால் திட்டத்தை எவர் கையிலே கொடுப்பது என்ற கேள்வி எழுந்தபோதெல்லாம், கொடுக்கக் கை இருக்கவில்லை. அல்லது பத்துக் கைகள் இருந்தன.

பத்துக் கைகள் எப்படி முளைத்தன? 1937 இலே கொழும்பு, தேர்ந்தெடுக்கப்பட்ட தன் முதலாவது மாநகர முதல்வரைக் கண்டது. அவர் டொக்டர் இரத்தினசோதி சரவணமுத்து. அந்தக் காலத்திலே மாநகர சபை என்பது உண்மையிலேயே ஒரு சிறு அரசாங்கம். நீர் அதனிடம், தெரு அதனிடம், கட்டட அனுமதி அதனிடம். சுதந்திரத்தின்பின் ஒவ்வொரு சிக்கல் எழும்போதும் சபையைத் திருத்துவதை விட்டு, அதற்குப் பக்கத்திலே புதிதாக ஒன்றை நிறுவுவதே வழக்கமாயிற்று. தாழ்நிலங்களை நிரப்பவும் வெள்ளத்தை வடிக்கவும் 1968 இலே ஒரு சபை. அதுவே பின்னர் கூட்டுத்தாபனமாயிற்று. 1975 இலே தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை இயங்கத் தொடங்கியது. 1978 இலே நகர அபிவிருத்தி அதிகாரசபை. 1981 இலே மத்திய சுற்றாடல் அதிகாரசபை. பழையதிடமிருந்து எதையும் முற்றாக எடுப்பதுமில்லை, புதியதற்கு எதையும் முற்றாகக் கொடுப்பதுமில்லை. வீட்டுக்கு மருமகள் வந்தபின்னும் சாவிக்கொத்தை இடுப்பிலே செருகியபடி திரியும் மாமியாரைப்போல, ஒவ்வொரு நிறுவனத்திடமும் ஒரு சாவி மிச்சமிருக்கும்.

1987 இலே பதின்மூன்றாவது திருத்தம் வந்தபோது இந்தச் சாவிகளிலே ஒன்று மாகாணத்துக்குப் போனது. உள்ளூராட்சி சபைகளை மேற்பார்வை செய்வது மாகாண சபை. அந்தச் சபைகளின் அமைப்பையும் வடிவத்தையும் சட்டத்தால் விதிப்பது மத்திய அரசாங்கம். அவற்றின் நிலப்பரப்பிலே என்ன கட்டலாம் என்று சொல்வதிலே மத்தியின் கீழுள்ள நகர அபிவிருத்தி அதிகாரசபைக்குப் பெரும்பங்கு. மேல் மாகாண சபையின் காலமும் 2019 இலே முடிந்தது. அதன்பின் ஆண்டுக்கணக்காகத் தேர்தல் நடைபெறவில்லை. மேற்பார்வை செய்ய வேண்டியவர்களே இல்லாத மேற்பார்வை அது.

இந்த வரலாற்றிலே எனக்கு மிகவும் விசித்திரமாகப் படுவது இன்னொன்று. 1981 இலே மாவட்ட அபிவிருத்திச் சபைகளை அமைத்தபோது பட்டின சபைகளையும் கிராம சபைகளையும் ஒழித்தார்கள். பின்னர் 1987 ஆம் ஆண்டின் சட்டத்தால் பிரதேச சபைகள் வந்தன. பழைய பட்டின சபைகளிற் பெரும்பாலானவை அவற்றுள்ளே கரைந்தன. மாநகர சபையும் நகர சபையும் ஆளும் இடமே நகரம். பிரதேச சபை ஆளும் இடம் கிராமம் என்பது கணக்கெடுப்பின் விதி. விளைவு என்ன? 1981 இலே நாட்டின் மக்களில் 21.5 சதவீதம் நகரவாசிகள். முப்பது ஆண்டுகள் ஊர்கள் பெருத்து, கடைத்தெருக்கள் நீண்டு, வயல்கள் வளவுகளாகியபின், 2012 ஆம் ஆண்டின் கணக்கெடுப்பிலே 18.2 சதவீதம். சுன்னாகத்துச் சந்தையிலே ஒருமுறை நெரிபட்டு வந்தவர் எவரும் அதைக் கிராமம் என்று சொல்லமாட்டார். ஆனால் அது வலிகாமம் தெற்குப் பிரதேச சபைக்கு உட்பட்டது. ஆகவே சட்டத்தின் கண்ணிலே கிராமம். நகரமே இல்லை என்றால் நகரத்துக்கான வடிகான் எதற்கு, கழிவுநீர்க் குழாய் எதற்கு?

ஒரு மழைத்துளியின் பயணத்தை எண்ணிப் பாருங்கள். அது பம்பலப்பிட்டியிலே காலி வீதியின் தாரிலே விழுகிறது. அந்த வீதி வீதி அபிவிருத்தி அதிகாரசபையினுடையது. உருண்டு ஒழுங்கையின் கானுக்குள் இறங்குகிறது. அது மாநகர சபையினுடையது. கான் கால்வாயிலே சேர்கிறது. கால்வாயைப் பார்ப்பது காணி மீட்புக் கூட்டுத்தாபனமாக இருந்து பெயர் மாறிய நிறுவனம். கால்வாய் ஒரு சதுப்பு நிலத்துக்குள் பரவுகிறது; அங்கே நிலம் ஒருவருடையது, அதன் பயன்பாட்டை வகுப்பவர் இன்னொருவர், அதன் தவளையையும் கொக்கையும் காப்பவர் மூன்றாமவர். களனி கங்கையின் அணைக்கட்டு நீர்ப்பாசனத் திணைக்களத்தினுடையது. துளிக்கு இந்த எல்லைகள் எவையும் தெரியா. இவற்றுள் எங்கே ஒரு கதவு அடைபட்டாலும் அது அங்கேயே நின்று வீட்டுக்குள் ஏறும்.

1992 ஜூன் 4 ஆம் திகதி அப்படித்தான் ஏறியது. பன்னிரண்டு மணித்தியால அளவிலே 493 மில்லிமீற்றர் மழை. நகரம் மூழ்கியது. அதற்கு முன் பல ஆண்டுகளாகச் சதுப்புகளை நிரப்பி வீடும் களஞ்சியமும் கட்டியதன் கணக்கு ஒரே பகலிலே தீர்க்கப்பட்டது. பின்னர் ஜப்பானியக் கடனோடு கால்வாய்கள் அகலமாக்கப்பட்டன. இங்கேயும் ஒரு முரணைக் காணலாம். தாழ்நிலத்தை நிரப்பி அதை விற்றுத் தன் செலவைப் பார்க்கும் நிறுவனமே, வெள்ளநீர் தங்குவதற்குத் தாழ்நிலத்தைக் காக்கவும் வேண்டியிருந்தது. அங்கே வேலை செய்யும் பொறியியலாளர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், அவருடைய நிறுவனத்தின் ஒரு கை மற்றக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டேயிருக்கும்.

இனிக் குப்பைக்கு வருவோம். மாநகர சபைகள் கட்டளைச்சட்டம் 1947 ஆம் ஆண்டிலே இயற்றப்பட்டது. சபை சேகரிக்கும் குப்பை முழுவதும் சபையின் சொத்து என்று அது சொல்கிறது. அதை விற்கவும் அகற்றவும் சபைக்கு உரிமையுண்டு. எருவாக்கி விற்கலாம் என்று நம்பிய காலத்துச் சட்டம் அது. பொலித்தீன் பை வந்தபின் அந்தச் சொத்தை வாங்க ஆளில்லை. வைப்பதற்கு இடமுமில்லை. கொட்டாஞ்சேனைக்கு அண்மையிலே, புளூமெண்டல் என்ற அழகான ஒல்லாந்தப் பெயர்கொண்ட இடத்திலே ஆண்டுக்கணக்காகக் கொட்டினார்கள். பூக்களின் பள்ளத்தாக்கு என்பது அந்தப் பெயரின் பொருள். சுற்றிலும் இருந்தோர் வழக்குக்குப் போனார்கள். 2009 இலே உயர் நீதிமன்றம் அங்கே கொட்டுவதை நிறுத்தச் சொன்னது. வேறிடம் கிடைக்கும்வரை, தற்காலிகமாக, மீதொட்டமுல்லையிலே ஏறத்தாழ இரண்டு ஏக்கர் நிலத்தைப் பயன்படுத்த இடமளிக்கப்பட்டது.

மீதொட்டமுல்லை கொலன்னாவ நகர சபைக்கு உட்பட்டது. கொழும்பின் கோட்டுக்கு வெளியே. நாளொன்றுக்கு 700 தொன்னளவு குப்பையை அங்கே அனுப்பிய மாநகர சபைக்கு, அங்கே வாழ்ந்தவர்கள் வாக்களிப்பதில்லை. அவர்கள் வாக்களித்த நகர சபைக்கோ, கொழும்பு மாநகர சபையின் லொறியைத் தடுக்கும் பலமில்லை. அரசியல் என்பது இறுதியில் வாக்குக்குப் பயப்படுவதுதானே? இங்கே எவருக்கும் எவரிடமும் பயமிருக்கவில்லை. இரண்டு ஏக்கர் பல மடங்காயிற்று. தற்காலிகம் எட்டு ஆண்டுகளாயிற்று. மக்கள் வீதிக்கு இறங்கி மறித்தார்கள், மனு எழுதினார்கள். சதுப்பான வயல் நிலத்தின்மீது அத்தனை பாரம் ஏறினால் அடி மண் ஒருநாள் விலகும் என்பதை அறிய நிபுணர் வேண்டியதில்லை.

2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாள். பிற்பகலிலே மலை சரிந்தது. பாற்சோறும் பலகாரமும் இருந்த வீடுகளின்மேல் அது சரிந்தது. நூற்றுக்கு மேற்பட்ட வீடுகள் சேதமாயின. 32 பேர் இறந்தனர். பல நாட்களாகப் படையினர் தோண்டினார்கள். இறந்தவர்களிலே குழந்தைகளும் இருந்தார்கள்.

அதன்பின் நடந்த வாதங்களை நான் பத்திரிகைகளிலே ஒன்று விடாமல் படித்தேன். மாநகர சபைக்கு ஒரு நீதிமன்றக் கட்டளை இருந்தது. நகர சபைக்குத் தன் எல்லைக்குள் நடந்தாலும் தன் குப்பை அல்ல என்ற பதில் இருந்தது. மாகாணத்திலே கழிவு முகாமைத்துவ அதிகாரசபை என்று ஒன்று இருந்தது, நிலம் அதனிடமில்லை. சுற்றாடல் அதிகாரசபைக்கு ஒழுங்குவிதி இருந்தது, லொறிகள் அதனிடமில்லை. அமைச்சுகள் வேறிடம் தேடிக்கொண்டிருந்தன. அந்தந்த இடத்து மக்கள் மறுத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவர் சொன்னதையும் தனித்தனியே எடுத்துப் பார்த்தால் பெரும் பொய் என்று எதையும் சொல்ல முடியாது. என்னைத் தூங்கவிடாமற் செய்தது அதுதான். பொய் சொல்லியிருந்தால் பிடித்துத் தண்டிக்கலாம். எல்லோரும் தத்தம் கோட்டுக்குள்ளே சரியாக நின்றுகொண்டிருக்க, கோடுகளுக்கு இடைப்பட்ட வெளியிலே 32 பேர் புதைந்துபோனார்கள்.

இது கொழும்புக்கு மட்டும் வந்த கேடல்ல. மீதொட்டமுல்லைக்கு ஒரு மாதத்துக்கு முன், 2017 மார்ச்சிலே, எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவிலே கோஷே என்ற குப்பை மேடு சரிந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2000 ஜூலையிலே மணிலாப் பெருநகரின் பயத்தாஸ் மேடு சரிந்தபோது இருநூறுக்கு மேல். இந்தோனேசியாவிலே பண்டுங் நகரத்தின் குப்பை, அயல் நகரமான சிமாகியின் லெவிகாஜா என்ற இடத்திலே குவிந்து, 2005 பெப்ரவரி 21 இலே இரவு மழையிலே சரிந்து 143 பேரை மூடியது. பார்த்தீர்களா, அங்கேயும் அயல் நகரம்! இந்தோனேசியர் 2008 இலே கழிவுக்கெனத் தனிச்சட்டம் இயற்றினார்கள். பெப்ரவரி 21 ஐக் குப்பை பற்றிய விழிப்புணர்வு நாளாக நினைவுகூருகிறார்கள். நம்மிடம் ஏப்ரல் 14 க்கு வேறு கொண்டாட்டம் இருப்பதால் அந்த நினைவு எளிதில் மறைந்துவிடுகிறது.

தமிழ்நாட்டுச் சென்னை 1688 இலே மாநகராட்சி கண்ட பழைய நகரம். அதன் தெற்கேயுள்ள பள்ளிக்கரணைச் சதுப்பு, மழைநீர் தங்கி வடிவதற்கு இயற்கை வைத்த இடம். மாநகராட்சியின் குப்பை அங்கே பெருங்குடியிலே குவிந்தது. 2011 வரை பெருங்குடி மாநகராட்சிக்கு வெளியே தனிப் பேரூராட்சி. 2015 டிசெம்பரிலே சென்னை மூழ்கியபோது சதுப்பைப் பற்றி எல்லோரும் பேசினார்கள்.

சபைகளுக்குப் பொறுப்பைக் கொடுத்தால் போதுமா என்று நீங்கள் கேட்கலாம். காசும் வேண்டும். சோலைவரி வீட்டின் ஆண்டுப் பெறுமதியைக் கொண்டு விதிக்கப்படுவது. பெறுமதியைக் காலத்துக்குக் காலம் புதுப்பிக்க வேண்டும். புதுப்பித்தால் வரி ஏறும். வரி ஏறினால் அடுத்த தேர்தலிலே உறுப்பினர் வீடு வீடாகப் போய் முகம் காட்ட முடியாது. ஆகவே பழைய பெறுமதியே தொடரும். ஊழியர் சம்பளத்துக்குப் பல சபைகள் மேலிருந்து வரும் மானியத்தை நம்பியிருக்கும். சம்பளம் வருகிற திசையைப் பார்த்தே தலையும் திரும்பும். சனங்களின் பக்கம் திரும்ப வேண்டிய தலை அது.

சபையே இல்லாத காலமும் உண்டு. வடக்கிலே நாம் அதை நன்கறிவோம். யாழ்ப்பாண மாநகர சபைக்கு 1983 இன் பின் 1998 ஜனவரியிலேதான் தேர்தல் நடந்தது. முதல்வரான திருமதி சரோஜினி யோகேஸ்வரன் அந்த ஆண்டு மே மாதத்திலே சுட்டுக்கொல்லப்பட்டார். அவருக்குப் பின் வந்த பொன். சிவபாலன் செப்டெம்பரிலே, சபைக் கட்டடத்திலே கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது குண்டுக்கு இரையானார். அடுத்த தேர்தல் 2009 இலே. ஒரு வடிகானைத் திருத்த வேண்டுமென்று கேட்பதற்குக்கூட உயிர் பிழைத்த முதல்வர் ஒருவர் வேண்டியிருந்த காலம் அது. யுத்தம் முடிந்தபின், நாடு முழுவதற்கும் வேறொரு வெறுமை வந்தது. 2018 இலே தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளூராட்சி சபைகளின் காலம் 2023 மார்ச்சிலே முடிந்தது. அந்த மாதம் நடக்கவிருந்த தேர்தல் பணமில்லை என்று நடத்தப்படவில்லை. அது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டிலே தீர்ப்பளித்தது. தேர்தல் 2025 மே 6 ஆம் திகதி நடந்தது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளிலும் குப்பை லொறிகள் ஓடின, ஆணையாளர்கள் கையெழுத்திட்டார்கள். குறை சொல்ல விரும்பியவர் அலுவலகப் படிக்கட்டிலே ஏறிக் கதவைத் தட்டலாம். கதவைத் தட்டாமலே திறக்க வேண்டியவர் ஒருவரும் உள்ளே இருக்கவில்லை.

மீதொட்டமுல்லை மூடப்பட்டது. மலை சரிந்து பதினெட்டு மாதங்களின்பின், 2018 ஒக்டோபரிலே துபாயில் நடந்த மாநாட்டிலே, உலகின் முதல் பதினெட்டு ஈரநில நகரங்களிலே ஒன்றாகக் கொழும்பு மதிப்புப் பெற்றது. அந்த மதிப்பு பொய்யானதென்று நான் சொல்லமாட்டேன். எஞ்சியிருக்கும் சதுப்புகளைக் காக்கப் பாடுபட்ட அதிகாரிகளும் ஆய்வாளரும் இருந்தார்கள். அவர்களுக்கு அது உரியது. 2021 பெப்ரவரியிலே கெரவலப்பிட்டியிலே குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையம் திறக்கப்பட்டது. அதுவும் மாநகரக் கோட்டுக்கு வெளியே, வத்தளைப் பக்கம்.

இன்னும் தொலைவாக ஓரிடமும் தேடிக்கொண்டார்கள். புத்தளம் மாவட்டத்தின் அருவக்காலு. களனியிலிருந்து புகையிரதப் பெட்டிகளிலே ஏற்றி 170 கிலோமீற்றர் அளவு கொண்டுபோய்ப் புதைப்பது என்பது ஏற்பாடு. அங்கே பள்ளங்கள் ஆயத்தமாக இருந்தன. சீமெந்துத் தொழிற்சாலைக்காகச் சுண்ணாம்புக்கல் அகழ்ந்த பள்ளங்கள் அவை. அந்தக் கல்லிலே ஒரு பகுதி கொழும்பின் மாடிகளிலும் நிற்கக்கூடும். 2018 இலும் 2019 இலும் புத்தளத்து மக்கள் தெருவுக்கு இறங்கினார்கள். அவர்களிலே 1990 இலே வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, பாயும் பெட்டியுமாக அங்கே வந்து சேர்ந்த முஸ்லிம் குடும்பங்களும் உண்டு. கொழும்பு மாநகர சபைக்கு அவர்களும் வாக்களிப்பதில்லை.